300 கோடி டாலர் கொட்டினார்களே, சிகிச்சை எங்கே?

3 ஜூலை 2025, மாலை 6.40. இழையைத் தொடங்கிய வாசகர்:

கலிஃபோர்னியா மக்கள் 2004-இல் வாக்களித்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சிக்கென்றே 300 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2020-இல் மறுபடியும் 550 கோடி. இருபது வருடம் ஓடிவிட்டது. சர்க்கரை நோய் அப்படியே இருக்கிறது, பார்க்கின்சன் அப்படியே இருக்கிறது, சக்கர நாற்காலியில் இருந்த யாரும் எழுந்து நடக்கவில்லை. நோயாளிகளைக் காட்டி வசூல் செய்திருக்கிறார்கள் என்கிறேன். இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

3 ஜூலை, இரவு 10.15

நான் சொல்கிறேன், இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதிதான் பதினைந்து வருடமாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

2010 ஜனவரியில் ஒரு சாலை விபத்தில் என் தம்பிக்குத் தண்டுவடம் அடிபட்டது. அப்போது அவனுக்கு 24 வயது. மார்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அதே வருடம் அக்டோபரில் அட்லாண்டாவில் ஜெரான் நிறுவனம், கரு ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்தெடுத்த செல்களை ஒரு நோயாளியின் தண்டுவடத்தில் செலுத்தியது. அப்படிப்பட்ட செல்லை மனித உடலுக்குள் வைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. செய்தியை அச்செடுத்து அவன் கட்டிலருகே ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் கடைசிப் பத்தியைப் படித்தேன். அடிபட்டு இரண்டு வாரத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அவனுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

இத்தனை தாமதத்துக்கும் ஒரே காரணம் 2001-இல் புஷ் போட்ட தடைதான். எட்டு வருடத்தை அரசியல் தின்றுவிட்டது.

4 ஜூலை, காலை 7.05

நேற்று எழுதிய கடைசி வரிகளைத் திருத்துகிறேன். கோபத்தில் எழுதியது. புஷ் தடை போட்டார் என்பது சரியில்லை, பலரும் அப்படி எழுதிவந்தாலும்.

தடை அவருக்கு முன்பே இருந்தது. 1996 முதல் அமெரிக்க காங்கிரஸ் வருடா வருடம் செலவுச் சட்டத்தோடு டிக்கி-விக்கர் திருத்தம் என்று ஒன்றைச் சேர்த்துவருகிறது. கருவை உருவாக்குகிற, அழிக்கிற எந்த ஆராய்ச்சிக்கும் மத்திய அரசுப் பணம் போகக் கூடாது என்பது அதன் சாரம். 1998-இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்த்தபோது ஜெரான் கொடுத்த பணமும் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் அறக்கட்டளைப் பணமும்தான் இருந்தன. அரசுப் பணம் அண்டாத தனி ஆய்வகத்தில் அந்த வேலை நடந்தது.

2001 ஆகஸ்ட் 9 இரவு புஷ் தொலைக்காட்சியில் அறிவித்தது இதுதான்: அந்தத் தேதிக்கு முன் பிரித்தெடுத்த செல் வரிசைகளில் (ஒரு கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கிவரும் செல்களில்) வேலை செய்ய அரசுப் பணம் உண்டு, அதற்குப் பின் பிரிப்பவற்றுக்கு இல்லை. ஆக, மனிதக் கரு ஸ்டெம் செல்லுக்கு மத்திய அரசின் பணம் முதலில் போனதே அவர் காலத்தில்தான். கதவைத் திறந்த கையோடு முக்கால்வாசி சாத்தியதும் அவர்தான். தனியார் பணத்தையும் மாநிலங்களின் பணத்தையும் அவர் தொடவில்லை.

அறுபதுக்கும் மேல் வரிசைகள் இருப்பதாக அன்று சொன்னார். ஆராய்ச்சியாளர்களின் கைக்குக் கடைசியில் வந்து சேர்ந்தவை 21.

4 ஜூலை, காலை 7.30

அந்த விதி ஆய்வகத்துக்குள் எப்படி இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசுப் பணத்தில் வாங்கிய நுண்ணோக்கியில் புதிய செல் வரிசையை வைத்துப் பார்க்கக் கூடாது. உறைபெட்டி வேறு, அறை வேறு, கணக்குப் புத்தகம் வேறு. ஹார்வர்டில் டக்ளஸ் மெல்ட்டன் 2004-இல் 17 புதிய வரிசைகளை முழுக்கத் தனியார் பணத்தில் உருவாக்கி மற்றவர்களுக்கும் கொடுத்தார். அவர் மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே, 1991-இல், முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. தவளையின் கரு வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர் அதற்குப் பிறகு கணையத்தின் பக்கம் திரும்பிவிட்டார். அவரைப் பற்றிப் பின்னால் மறுபடியும் எழுதுவேன்.

5 ஜூலை, இரவு 11.20

இப்போது கலிஃபோர்னியா. நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

2004 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த அந்த 300 கோடித் திட்டத்துக்கு, அதாவது 71-ஆம் முன்மொழிவுக்கு, பின்னால் இருந்தவர் ராபர்ட் கிளைன். வீட்டுவசதி நிதித் துறைக்காரர். அவர் மகனுக்கும் முதல் வகைச் சர்க்கரை நோய், தாய்க்கு அல்சைமர். வாஷிங்டன் பணம் தரவில்லை என்றால் மாநிலம் கடன்பத்திரம் விற்றுத் தரட்டும் என்பது அவர் யோசனை. 59 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 300 கோடி டாலர் என்பது அசல் மட்டும். வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது அதைப்போல இரு மடங்கு. வழக்குகள் வந்தன, 2007 வரை இழுத்தன. வழக்கு முடிந்ததும் பணத்தில் ஒரு பெரும் பங்கு கட்டடங்களுக்குப் போனது: 2008-இல் 12 நிறுவனங்களுக்கு 27 கோடி டாலருக்கு மேல். இதைப் பலர் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். நுண்ணோக்கியைக்கூடப் பிரித்து வைக்க வேண்டியிருந்த காலத்தில், மத்திய அரசுப் பணம் படாத கட்டடம் இருந்தால்தான் அந்த வேலையே நடக்கும்.

திட்ட வேண்டிய விஷயம் வேறு. நிதியைப் பிரித்துக்கொடுக்கும் குழுவில், நிதி வாங்கும் பல்கலைக்கழகங்களின் ஆட்களே உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க ஆலோசனை அமைப்பு 2012 இறுதியில் தன் அறிக்கையில் இதை வெளிப்படையாகவே சொன்னது. அடுத்தது ராயல்டி. மாநிலத்துக்குப் பணம் திரும்பி வரும் என்று பிரசாரத்தில் பேசினார்கள். முதல் ராயல்டி 2018-இல்தான் வந்தது, 1,90,000 டாலர் சொச்சம்.

இவற்றையெல்லாம்விட என்னை வலிக்கச் செய்வது பிரசாரம் நடந்த விதம். அந்த வருடம் ஜூனில் முன்னாள் அதிபர் ரீகன் அல்சைமரோடு போராடி இறந்தார். நான்சி ரீகன் ஸ்டெம் செல் ஆராய்ச்சியை ஆதரித்துப் பேசிவந்தார். மகன் ரான் ரீகன் எதிர்க்கட்சி மாநாட்டு மேடையிலேயே பேசினார். ஆனால் அல்சைமருக்குச் செல் மாற்றுச் சிகிச்சை கைகொடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று துறையில் இருந்தவர்களுக்கு அப்போதே தெரியும். மூளை முழுவதும் பரவுகிற நோய் அது, குறிப்பிட்ட ஒரு வகைச் செல் மட்டும் சாகிற நோய் இல்லை. தெரிந்தவர்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. ஆதரவு அலை அடிக்கும்போது அதை எதற்குக் கலைப்பது என்று நினைத்திருக்கலாம். அந்த மௌனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாக்காளர்களிடம் ஆராய்ச்சிக்கு என்று கேட்டிருக்க வேண்டும். குணமாக்குவோம் என்று சொல்லிக் கேட்டார்கள்.

6 ஜூலை, பகல் 1.10

"அப்படியென்றால் கேள்வி கேட்டவர் சொன்னதுதானே சரி?" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பணத்தைக் கொடுத்தது சரி. அதோடு சேர்த்துத் தேதியைக் கொடுத்ததுதான் தவறு.

7 ஜூலை, இரவு 9.45

ஜெரான் கதை எப்படி முடிந்தது என்று கேட்டவருக்கு.

2011 மே மாதம், அந்த 300 கோடியைப் பிரித்துக்கொடுக்கும் கலிஃபோர்னிய அரசு நிறுவனம், அதாவது சி.ஐ.ஆர்.எம்., ஜெரானுக்கு 2.5 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. நவம்பரில் ஜெரான் ஸ்டெம் செல் பிரிவையே மூடிவிட்டது. மொத்தம் ஐந்து பேருக்குத்தான் செலுத்தியிருந்தார்கள். சிகிச்சை தோற்றுவிட்டது என்று பல வருடம் நினைத்திருந்தேன், எல்லோரிடமும் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். உண்மையில் அந்த ஐந்து பேருக்கும் செல்களால் பெரிய தீங்கு எதுவும் வரவில்லை. நிறுவனம் தன் பணத்தைப் புற்றுநோய் மருந்துகளுக்குத் திருப்பிக்கொண்டது, அவ்வளவுதான். வாங்கிய கடனை வட்டியோடு கட்டிவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த மறுநாள் தம்பி சுவரிலிருந்த காகிதத்தைத் தானே கிழித்தான். கட்டிலிலிருந்து எட்டி எட்டி, கொஞ்சம் கொஞ்சமாக.

8 ஜூலை, அதிகாலை 2.30

தூக்கம் வரவில்லை. மருத்துவ மையம் பற்றி எழுதிவிடுகிறேன்.

2012-இல் ஒரு தனியார் மையத்தைக் கண்டுபிடித்தோம். பெயர் வேண்டாம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அதில் ஸ்டெம் செல்லைப் பிரித்து, முதுகில் ஊசியாகப் போடுவார்கள். மூன்று தவணை. அவர்கள் கொடுத்த கையேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் தண்டுவடம் அடிபட்ட சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் படம். இரண்டாம் பக்கத்தில் கலிஃபோர்னியா ஒதுக்கிய 300 கோடி. நான்காம் பக்கத்தில் நோபல் பரிசு. அவர்கள் செய்யும் ஊசிக்கும் இவற்றில் எதற்கும் ஒரு நூலிழைத் தொடர்புகூட இல்லை. மஜ்ஜையில் இருப்பவை ரத்தத்தை உண்டாக்கும் செல்கள். அவை நரம்பாக மாறாது. இது அன்றே பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம். நான் படித்த பெண். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இவ்வளவு பெரிய மனிதர்கள், இவ்வளவு பெரிய மாநிலம், இவ்வளவு பணம் பின்னால் நிற்கும்போது ஏதாவது இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றியது. மேடையில் கொடுத்த வாக்கை அந்த மையம் எங்களிடம் சில்லறையாக விற்றது. மேடையில் பேசியவர்கள் இந்த மையத்தை நடத்தவில்லை என்பது தெரியும். ஆனால் அவர்கள் ஊதிப் பெருக்கிய நம்பிக்கைதான் இவர்களுக்குச் சரக்கு.

முதல் ஊசி போட்ட இரண்டாம் வாரம், இடது தொடையில் ஒரு கை அகலத்துக்குத் தொட்டால் தெரிகிறது என்றான் தம்பி. அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மையத்தில் அதை வீடியோ எடுத்தார்கள், பதிவேட்டில் "உணர்வு திரும்பியது" என்று எழுதினார்கள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூன்று தவணைக்குப் பிறகு நான்காவதற்குக் கூப்பிட்டார்கள், நாங்கள் போகவில்லை, போகப் பணமும் இல்லை.

அந்த ஒரு கை அகலம் இருப்பதால்தான், மோசடி என்று முழுவாயால் சொல்ல எனக்கு இன்றும் தயக்கம்.

8 ஜூலை, காலை 10.00

இரவு எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "ஊசியால் கெடுதல் ஒன்றும் இல்லையே, நம்பிக்கையாவது கிடைத்ததே" என்கிறார். கெடுதல் இருக்கிறது. தண்டுவடக் காயத்துக்காக மூக்குச் சவ்வின் செல்களை முதுகில் வைத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு, எட்டு வருடம் கழித்து அதே இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது. 2014-இல் மருத்துவ இதழில் வெளியானது. 2015-இல் ஃபுளோரிடாவில் மூன்று பெண்கள் தலைக்கு 5,000 டாலர் கொடுத்து, தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு பார்வையை இழந்தார்கள். அவர்களில் சிலர் அதை அரசுப் பதிவேட்டில் இருக்கும் ஆராய்ச்சி என்றே நம்பிப் போனவர்கள். ஒழுங்கான ஆராய்ச்சியில் யாரும் இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொட மாட்டார்கள், நோயாளியிடம் பணமும் வாங்க மாட்டார்கள்.

2016-இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இணையத்தில் தேடி எண்ணியபோது, அமெரிக்காவில் மட்டும் இப்படி 570 மையங்கள் இருந்தன.

அதே ஃபுளோரிடாவில் இந்த ஜூலை 1 முதல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மூட்டு, வலி, காயம் ஆகியவற்றுக்கு மத்திய மருந்துத் துறையின் ஒப்புதல் பெறாத ஸ்டெம் செல் சிகிச்சையை மருத்துவர்கள் செய்யலாமாம். ஒப்புதல் இல்லை என்று நோயாளியிடம் எழுத்தில் சொன்னால் போதும். என்னிடமும் எழுத்தில் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்?

12 ஜூலை, மாலை 5.15

கொரியா பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன்.

ஹ்வாங் ஊ-சுக், சோல் தேசியப் பல்கலைக்கழகம். 2004-இல் குளோனிங் செய்த மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல், 2005-இல் நோயாளிகளின் சொந்த மரபணுவோடு 11 வரிசைகள். இரண்டும் 'சயின்ஸ்' இதழில் வந்தன. அரசாங்கம் பணத்தை வாரி இறைத்தது. 2005 பிப்ரவரியில் தபால்தலையே வெளியிட்டார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் எழுந்து, துள்ளி, இன்னொருவரை அணைத்துக்கொள்ளும் நிழலுருவம் அதில் இருக்கும். அந்த வருட முடிவுக்குள் அந்த 11 வரிசைகளும் புனைவு என்று வெளிப்பட்டது, அடுத்த மாதம் 2004 கட்டுரையும். 2006 ஜனவரியில் இரண்டு கட்டுரைகளையும் இதழ் திரும்பப் பெற்றது.

பொய் சொன்னது அவர் குற்றம். ஆனால் வரிசையாக நாட்டின் பெருமை, தேர்தல், பங்குச் சந்தை எல்லாம் ஒரே ஆய்வகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால், "இந்த மாதம் செல் வளரவில்லை" என்று சொல்ல ஒருவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றும் யோசிக்கிறேன். அந்த ஆராய்ச்சிக்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகள் எடுக்கப்பட்டன. எடுக்கப்பட்ட பெண்களில் அவரிடமே வேலை பார்த்த இளம் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. முட்டை எடுப்பதற்கான ஊசிகள் உடம்பை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

13 ஜூலை, இரவு 8.50

எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டவள் நான். மீதமிருந்த கருக்களை உறைய வைத்திருந்தார்கள். ஒரு படிவம் வந்தது: தொடர்ந்து பாதுகாக்க, அழிக்க, வேறொரு தம்பதிக்குக் கொடுக்க, ஆராய்ச்சிக்குக் கொடுக்க. நான்கு கட்டம்.

கரு ஆராய்ச்சியை எதிர்ப்பவர்களிடம் அதுவரை எனக்கு இரக்கமே இருந்ததில்லை. என் தம்பி கட்டிலில் கிடக்கிறான், நீங்கள் ஊசிமுனை அளவு செல் கூட்டத்துக்காக வாதாடுகிறீர்களா என்று சண்டை போட்டிருக்கிறேன். நான்காவது கட்டத்தில் பேனாவை வைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த என் மகளும் அதே தொகுப்பில் உறைந்திருந்தவள்தான்.

கடைசியில் ஆராய்ச்சிக்கே கொடுத்தேன். இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எதிர்ப்பவர்களை முட்டாள்கள் என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். 2003-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கில் சுமார் 4,00,000 கருக்கள் உறைநிலையில் இருந்தன, ஆராய்ச்சிக்கென்று பெற்றோர் ஒதுக்கியவை 3 சதவீதத்துக்கும் குறைவு. அந்த எண்ணை நான் முன்பெல்லாம் அறியாமை என்று படித்தேன். இப்போது அதில் என்னைப் போன்றவர்களின் இரண்டு வாரங்கள் தெரிகின்றன.

13 ஜூலை, இரவு 9.20

"யமனாக்கா வந்தபிறகு இந்தச் சண்டையே முடிந்துவிட்டதே" என்பவருக்குச் சுருக்கமாக. 2006-இல் ஷின்யா யமனாக்கா எலியின் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருநிலைக்குத் திருப்பினார். 2007-இல் மனிதச் செல்லிலும் அது நடந்தது. 2012-இல் நோபல். சண்டை தணிந்தது உண்மை, முடியவில்லை. அந்தச் செல்களைச் சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கரு ஸ்டெம் செல்தான் உரைகல்லாக இருந்தது. ஒபாமா 2009 மார்ச்சில் புஷ் விதியை நீக்கியபிறகும், 2010 ஆகஸ்டில் ஒரு நீதிபதியின் தடையாணையால் மத்திய அரசுப் பணம் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றுபோனது. வழக்கை உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் தள்ளுபடி செய்யும்வரை அந்த ஆய்வகங்களின் தலைக்கு மேல் கத்தி தொங்கியது.

19 ஜூலை, காலை 11.40

சரி, கேள்வி கேட்டவருக்கு நேரடியான பதில். எங்கே சிகிச்சை?

மெல்ட்டனைப் பற்றி மறுபடியும் எழுதுவேன் என்றேன். 1991-இல் மகனுக்கு நோய். 2014-இல் அவர் ஆய்வகம் ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வேண்டிய அளவு வளர்க்கும் வழியை வெளியிட்டது. 2021-இல் வெர்டெக்ஸ் நிறுவனம் முதல் நோயாளிக்குச் செலுத்தியது. போன மாதம், 2025 ஜூனில், முடிவு வந்திருக்கிறது: முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசியே போடவில்லை. ஆனால் உடம்பு அந்தச் செல்களைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் சிகிச்சை இல்லை. ஆனால் "சர்க்கரை நோய் அப்படியே இருக்கிறது" என்று நீங்கள் எழுதியது போன மாதத்தோடு பழையதாகிவிட்டது.

பார்க்கின்சனுக்கு இந்த ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டு கட்டுரைகள் வந்தன. கியோட்டோவில் யமனாக்கா முறைச் செல்களை 7 பேருக்கும், வட அமெரிக்காவில் கரு ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்தவற்றை 12 பேருக்கும் மூளையில் வைத்தார்கள். பாதுகாப்பைப் பார்ப்பதற்கான சோதனைகள் இவை, அந்த அளவில் தேறியிருக்கின்றன.

என்னை உலுக்கியது ஒரு சின்ன விவரம். அந்த 12 பேருக்கும் வைத்த செல்கள் எச்9 என்ற வரிசையிலிருந்து வந்தவை. தாம்சன் 1998-இல் தனி ஆய்வகத்தில் வளர்த்த அதே எச்9. புஷ் விதி அனுமதித்த 21-இல் அதுவும் ஒன்று. அந்தச் சிகிச்சையை உருவாக்கிய நியூயார்க் ஆய்வகத்துக்கு, 2007-இல் நியூயார்க் மாநிலம் தொடங்கிய 60 கோடி டாலர் திட்டத்திலிருந்தும் பணம் போனது. 27 வருடம். நடுவே எத்தனை அதிபர்கள், எத்தனை வழக்குகள்! யாரோ ஒருவர் அந்தச் செல்லுக்கு நாள் தவறாமல் ஊட்டநீர் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

20 ஜூலை, இரவு 10.30

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். கலிஃபோர்னியா பணத்தில் நிஜமாகவே குணமானவர்கள் இருக்கிறார்கள்.

ஏ.டி.ஏ. என்ற நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பாற்றலே இருக்காது. சாதாரணச் சளி உயிரை எடுக்கும். குழந்தையின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் முறையை லாஸ் ஏஞ்சலஸில் டொனால்ட் கோன் குழு பல வருடம் உழைத்துச் செம்மைப்படுத்தியது. 2021-இல் லண்டனையும் சேர்த்து வெளியான முடிவு: 50 குழந்தைகளில் 48 பேருக்கு வேலை செய்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். உரிமம் வாங்கியிருந்த நிறுவனம் வேறு மருந்துகளில் கவனம் செலுத்தப்போவதாகச் சொல்லி இதை ஓரமாக வைத்துவிட்டது. நோய் அவ்வளவு அரிது, லாபம் இல்லை. சிகிச்சை தயாராக இருக்கிறது, குழந்தைகள் வரிசையில் காத்திருக்கிறார்கள், கொடுக்க ஆள் இல்லை. பல்கலைக்கழகம் போராடி உரிமத்தைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

விஞ்ஞானம் தோற்றால் எனக்குக் கோபம் வராது. வென்ற பிறகு அலமாரியில் வைத்தால்? பொதுப் பணம் போட்ட சிகிச்சையைக் கைவிட்டால் உரிமம் தானாகப் பொதுவுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அரிவாள் செல் நோய்க்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையும் ரத்த ஸ்டெம் செல்லில் செய்வதுதான். விலை 22 லட்சம் டாலர். நிதி ஒதுக்கும் மேடைகளில் இந்த எண்ணைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

27 ஜூலை, மாலை 4.00

தம்பிக்கு இழையை முழுவதும் படிக்கக் கொடுத்தேன். அவனைப் பற்றி அவனைக் கேட்காமல் எழுதியதற்கு முதலில் திட்டினான். பிறகு மூன்று விஷயங்கள் சொன்னான், அப்படியே எழுதுகிறேன்.

ஒன்று: "யாரும் எழுந்து நடக்கவில்லை" என்று தொடங்கியவருக்கு. ஜெரான் கைவிட்ட செல்களை 2013-இல் இன்னொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. சி.ஐ.ஆர்.எம். 1.43 கோடி டாலர் கொடுத்தது. இந்த முறை கழுத்தில் அடிபட்டவர்கள். சிலருக்குக் கையில் அசைவு கூடியது. ஒப்பிட்டுப் பார்க்கச் செல் செலுத்தாத குழு இல்லாததால், அது செல்லால் வந்ததா, முதல் வருடத்தில் உடம்பு தானாகவே மீட்டுக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "அதை வெற்றி என்றும் எழுதாதே, தோல்வி என்றும் எழுதாதே" என்றான்.

இரண்டு: தபால்தலை. "அக்கா, எல்லாப் படத்திலும் ஒருத்தன் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டே இருக்கிறான். என்னை யாராவது கேட்டார்களா? எனக்கு நடப்பது நாலாவது. முதலில் சிறுநீர் என் கட்டுப்பாட்டில் வர வேண்டும். அடுத்தது மலம். மூன்றாவதை உன்னிடம் சொல்ல மாட்டேன். இதை எந்தச் சுவரொட்டியிலும் வரைய முடியாது, அதனால் இதற்கு எவனும் வாக்குக் கேட்டு வர மாட்டான்." பதினைந்து வருடத்தில் நானும் அவனை அந்தக் கேள்வி கேட்டதில்லை. நடப்பதைத்தான் கேட்டிருக்கிறேன், நூறு தடவை.

மூன்று: 8-ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு திருத்தம். இடது தொடையில் அந்த ஒரு கை அகலம் ஊசிக்குப் பிறகு வந்ததில்லையாம். 2011-லேயே இருந்ததாம். படுக்கையில் புரளும்போது போர்வை படுவது தெரியுமாம். மையத்தில் ஊசி போடும் முன்பே அந்த மருத்துவரிடம் சொல்லியிருக்கிறான், அவர் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் எல்லோரும் சுற்றி நின்று "ஏதாவது தெரிகிறதா, தெரிகிறதா" என்று கேட்டபோது, அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டான். சொன்னதும் வீடியோக்காரர் வந்துவிட்டார்.

"3-ஆம் தேதிக் குறிப்பில் உணர்வில்லை என்று போட்டிருக்கிறாய். அதையும் மாற்று" என்றான். மாற்றிவிடுகிறேன்: மார்புக்குக் கீழே அசைவில்லை, இடது தொடையில் ஒரு கை அகலம் தவிர உணர்வில்லை, அது 2011-இலிருந்து இருக்கிறது.